நின்றுவிடாத மஞ்சள் கார்

2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஓட்டப்பாதை. பந்தயத்துக்கு முன்னான சூடேற்றும் சுற்றை முடித்துக்கொண்டு இருபது கார்கள் வரிசையாக வருகின்றன. முதலாவதாக வந்த டொயோட்டா தொடக்கக் கோட்டுக்குப் போகவில்லை. பாதையோரத் திருத்துமிடமான பிட்டுக்குள் திரும்பி விடுகிறது. அதன் பின்னால் மக்லாரன், பிறகு பிஏஆர், பிறகு ரெனோல்ட். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு கார்கள் உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்ள, வெளியே மிஞ்சியவை ஆறு. முன்னால் இரண்டு சிவப்பு ஃபெராரி. எங்கேயோ பின்னால், 17ஆம் 19ஆம் கட்டங்களில், இரண்டு மஞ்சள் ஜோர்டன். நடுவில் வெறும் தார்.

கூட்டத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கூச்சல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் போத்தல்களும் பியர் கேன்களும் பாதையில் வந்து விழத் தொடங்கின. 19ஆம் கட்டத்தில் நின்ற மஞ்சள் காருக்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். நரேன் கார்த்திகேயன், வயது 28. சிவப்பு விளக்குகள் அணைந்தன. ஓடினார்.

நம்முடைய கடிகாரத்தில் அது நள்ளிரவு. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரம் அந்த நேரத்தில் கார்ப் பந்தயம் பார்க்கும் நிலையில் இல்லை. ஆழிப்பேரலை வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சனங்கள் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தார்கள். ஆகவே ஒரு தமிழர் ஃபோர்முலா வன் பந்தயத்தில் நாலாம் இடம் எடுத்ததை எங்கள் பகுதியில் பலர் வருடக்கணக்குப் பிந்தித்தான் அறிந்தோம்.

இப்போது நிலைமை வேறு. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அதே ஆண்டு ஜூனில் பிராட் பிட் நடித்த ‘எஃப் 1’ படம் வந்தது. சொறிக்கல்முனைச் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடைக்கு முன்னால் நின்றாலும், சம்மாந்துறை டயர்க் கடையில் காற்றடிக்க நின்றாலும், பெடியன்களின் கைப்பேசியில் ஓடுவது கார்ப் பந்தயம்தான். பேச்சு எப்படியும் நரேனில் வந்து நிற்கும். நின்றதும் ஒரு குரல் வரும்: “ஓடினதே ஆறு கார்தானே அண்ண, அதில நாலாமிடம் ஒரு இடமா?”

கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் ஆளை விட்டுவிட்டுக் காரைப் பார்க்க வேண்டும்.

மொஸ்கோவில் திறந்த திரை

அந்தக் காரின் பெயர் ஜோர்டன் ஈஜே15. ‘ஈஜே’ என்பது அயர்லாந்துக்காரர் எடி ஜோர்டனின் முதலெழுத்துக்கள். 1991இல் ஃபோர்முலா வன்னுக்குள் வந்தவர்; மைக்கேல் ஷூமாக்கருக்கு முதல் பந்தயம் ஓடக் கார் கொடுத்தவர்; மொத்தம் நான்கு வெற்றிகள் கண்டவர். அவற்றில் கடைசி, 2003 பிரேசில். அதற்குப் பிறகு அணியில் காசு வற்றியது. 2005 தொடக்கத்தில் ரஷ்யாவில் பிறந்த கனடாக்காரர் அலெக்ஸ் ஷ்னைடரின் மிட்லண்ட் குழுமத்துக்கு அணியை விற்றுவிட்டார். பெப்ரவரியில் புதுக் காரை மொஸ்கோ செஞ்சதுக்கத்தில் வைத்துத் திரை திறந்தார்கள். காரின் பெயரில் எடி ஜோர்டன் இருந்தார், கணக்குப் புத்தகத்தில் இல்லை. அவர் 2025 மார்ச்சில் காலமானார்.

கார் புதிது என்று சொன்னாலும் முந்திய ஆண்டு ஈஜே14இன் உடம்பைத்தான் பெருமளவு வைத்திருந்தது. பெரிய மாற்றம் எஞ்சின். ஃபோர்ட் நிறுவனம் ஃபோர்முலா வன்னைக் கைவிட்டதால், 2004 கடைசியில் ஜோர்டன் அவசரமாக டொயோட்டாவிடம் போனது. தெருவில் ஓடும் காரில் எஞ்சின் மாற்றுவது போன்ற வேலையல்ல இது. ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் எஞ்சினைத் தாங்கும் சட்டம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஓட்டுநர் அமரும் கார்பன் நார்த் தொட்டியின் முதுகில் எஞ்சினை நேரே போல்ட் அடிக்கிறார்கள். எஞ்சினின் முதுகில் கியர்ப் பெட்டி. பின்சில்லுகளின் சஸ்பென்ஷன் கைகள் அந்தக் கியர்ப் பெட்டியில். எஞ்சின்தான் காரின் முதுகெலும்பு என்றால் சரி. அதை மாற்றினால் போல்ட் துளைகள், எண்ணெய்த் தொட்டி, ரேடியேட்டர், புகைக்குழாய் எல்லாம் இடம் மாறும். இடம் மாறினால் மேல்மூடியின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் காற்று போகும் வழி மாறும். ஏழு எட்டு மாதம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை அது. ஜோர்டனுக்குக் கிடைத்தது ஒரு மாரிகாலம்.

போதாததற்கு அந்த ஆண்டு விதிகளும் மாறின. முன் இறக்கையை 5 சென்ரிமீற்றர் உயர்த்தச் சொன்னார்கள். பின் இறக்கையை முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். காரின் வயிற்றுக்கடியில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் டிஃபியூசரின் உயரத்தைக் குறைத்தார்கள். எல்லாம் காரைத் தரையோடு அழுத்தும் விசையைக் குறைத்து, வளைவில் வேகத்தை மட்டுப்படுத்தத்தான். பணக்கார அணிகள் இழந்த அழுத்தத்தில் பெரும்பங்கை வேறு வழியில் திருப்பி எடுத்துவிட்டன. ஜோர்டனுக்கு அந்தக் கைச்செலவு இல்லை. ஆகவே நேர்ப்பாதையில் டொயோட்டாவின் பலத்தால் பறக்கும் கார், வளைவு வந்ததும் வழுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியே தீர வேண்டும்.

எங்கள் கதைக்கு முக்கியமான விதிகள் வேறு இரண்டு. ஓர் எஞ்சின் இரண்டு பந்தயங்களுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். இடையில் மாற்றினால் தொடக்கத்தில் பத்து இடம் பின்னால். தகுதிச் சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே தொகுதி டயர். பந்தய நடுவில் டயர் மாற்ற முடியாது. இண்டியானாபோலிஸ் கலவரத்தின் வேர் இந்த இரண்டாவது விதியில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஜோர்டன் ஈஜே15

எஞ்சின்: டொயோட்டா ஆர்விஎக்ஸ்-05; 3 லீற்றர், ‘வி’ வடிவில் 10 சிலிண்டர்; ஏறக்குறைய 900 குதிரைவலு.
கியர்: முன்னோக்கி 7.
உடல்: கார்பன் நார்த் தொட்டி.
நிறை: விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்து ஆகக்குறைந்தது 600 கிலோ.
டயர்: பிரிட்ஜ்ஸ்டோன்.
ஓட்டுநர்கள்: நரேன் கார்த்திகேயன் (இந்தியா), தியாகோ மொன்டெய்ரோ (போர்த்துக்கல்).
2005 கணக்கு: 19 பந்தயம், 12 புள்ளி, அணிகளில் ஒன்பதாமிடம்.
பிற்பதிப்பு: ஈஜே15பி, இத்தாலிப் பந்தயத்தில் அறிமுகம்.

வேகம் இல்லை, ஆனால்…

முதல் பந்தயம் அவுஸ்திரேலியா, மெல்பர்ன். மழை குழப்பிய தகுதிச் சுற்றில் நரேனுக்கு 12ஆம் இடம் கிடைத்தது. அந்தக் காரில் அது பெரிய கெட்டித்தனம். பந்தயத்தில் கார் தன் உண்மைத் தரத்துக்கு இறங்கியது: வென்றவருக்கு இரண்டு சுற்றுப் பின்தங்கி 15ஆம் இடம். மலேசியாவில் 11. பஹ்ரெய்னில் மின்கோளாறால் ஆரம்பத்திலேயே நின்றது. இமோலாவில் 12. ஸ்பெயினில் 13. இந்த எண்களைப் பார்த்து யாரும் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஆடப்போவதில்லை.

ஆனால் பக்கத்துக் காரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மொன்டெய்ரோ முதல் பதினாறு பந்தயங்களையும் ஒன்று விடாமல் ஓடி முடித்தார். புதிதாக வந்த ஓட்டுநர் எவரும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. பதினேழாவதான பிரேசிலில் மட்டும் நின்றார். மொத்தம் 19இல் 18. நரேன் 19இல் 14. இரண்டையும் கூட்டினால் 38 தடவை தொடங்கி 32 தடவை கொடி பார்த்த கார் இது. அதே ஆண்டு மக்லாரன் எல்லோரையும்விட வேகமான காரை வைத்திருந்தது. கிமி ரைக்கொனென் முன்னணியில் ஓடும்போதே அது பழுதாகி நின்றது. உலகப் பட்டம் கைநழுவியதற்கு அது பெரிய காரணம்.

அறுவடைக் காலத்தில் நாவிதன்வெளிப் பக்கம் வெட்டு மெசின் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இது உடனே புரியும். மணிக்கு எத்தனை ஏக்கர் வெட்டும் என்று கேட்பார்கள்தான். அதற்கு முன், வயல் நடுவில் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். ஈஜே15ஐச் செய்தவர்களிடம் காசு இருக்கவில்லை, நேரம் இருக்கவில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது: பழகிய உடம்பு, டொயோட்டாவின் உறுதியான எஞ்சின், துணிச்சலான புது யோசனை எதுவும் வேண்டாம். காரை வேகமாக்க முடியவில்லை; உடையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டப்பாதைக்கு வெளியே இதற்கு இன்னொரு முகம் உண்டு. அந்த இருக்கைகள் இரண்டும் விளம்பரதாரர்களைக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்தவை. மஞ்சள் காரின் மேல் டாட்டாவின் பெயர் இருந்தது நரேனால்தான். ‘காசு கொடுத்து ஓடுகிறவர்’ என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் இழுத்துப் பேசும். பிரிட்டிஷ் ஃபோர்முலா 3 வரை போய்ப் பந்தயம் வென்ற ஒருவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு.

பதின்மூன்றாம் வளைவு

இண்டியானாபோலிஸில் உண்மையில் நடந்தது என்ன? அந்தப் பாதையின் பதின்மூன்றாம் வளைவு, அமெரிக்க முட்டை வடிவப் பாதையின் ஒரு பகுதி. அங்கே தரை சாய்ந்திருக்கும். முழு வேகத்தில், சாய்ந்த தரையில், கார் முழுவதன் பாரமும் ஒரு பக்க டயரில் இறங்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் இடப்பக்கப் பின் டயர் அந்த வளைவில் கிழிந்தது. கார் சுவரில் மோதியது. டயர் மிச்செலின்.

மிச்செலின் பொறியியலாளர்கள் ஆராய்ந்து, அந்த வளைவில் முழு வேகத்தில் போனால் தங்கள் டயருக்குப் பொறுப்பேற்க முடியாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். பத்து அணிகளில் ஏழு மிச்செலினில். பிரிட்ஜ்ஸ்டோன் போட்டிருந்தவை ஃபெராரி, ஜோர்டன், மினார்டி மட்டும். வளைவுக்கு முன் தற்காலிகமாக ஒரு நெளிவு போட்டு வேகத்தைக் குறைக்கலாம் என்று யோசனை வந்தது. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் மறுத்துவிட்டது. வேண்டுமானால் அந்த வளைவில் மெதுவாகப் போங்கள், அல்லது பிட் வழியாகப் போங்கள் என்றது. மாற்று டயர் பாவித்தால் விதி மீறல், தண்டனை.

விதி கறாராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். டயர் செய்து கொண்டுவந்தது மிச்செலின், பிழையும் அவர்களுடையது, ஒழுங்கான டயரோடு வந்த மூன்று அணிகள் அதற்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆனால் காசு கொடுத்து ரிக்கட் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வெயிலில் உட்கார்ந்திருந்த சனத்துக்கு இந்த வாதம் சோறு போடாது.

பந்தயம் தொடங்குமுன் ஜோர்டன் ஓடுவதென்று தீர்மானித்தது. ஜோர்டன் ஓடினால், கடைசி இடத்துக்கு அதோடு மோதிக்கொண்டிருந்த மினார்டியும் ஓடாமல் இருக்க முடியாது. அதன் தலைவர் போல் ஸ்டொடார்ட் வேண்டாவெறுப்பாக இறங்கினார். 73 சுற்று. மைக்கேல் ஷூமாக்கர் முதலாவது, பரிக்கெல்லோ இரண்டாவது. ஒரு சுற்றுப் பிந்தி மொன்டெய்ரோ, அவருக்குப் பின் நரேன். அதற்கும் ஒரு சுற்றுப் பின்னால் இரண்டு மினார்டிகள். ஆறு காரும் முடித்தன. ஃபெராரிக்காரர்கள் இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போக, மொன்டெய்ரோ மட்டும் தனியாக நின்று கொண்டாடினார். போர்த்துக்கல் நாட்டவர் ஒருவர் ஃபோர்முலா வன் மேடையேறியது அதுவே முதல் தடவை. அவர் ஏன் கொண்டாடக் கூடாது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தது டொயோட்டாவின் யார்னோ ட்ருல்லி. டொயோட்டா வரலாற்றில் முதன்முறை. அந்தக் கார் ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை. அதே டொயோட்டா காசுக்கு விற்ற எஞ்சின், மஞ்சள் காரின் முதுகில் ஏறி மூன்றாமிடம் போனது.

கழித்துப் பார்த்தால்

இப்போது கடைத்தெருக் கேள்விக்கு வருவோம். இண்டியானாபோலிஸை முழுதாகக் கழித்துவிடுங்கள். ஜோர்டனின் 12 புள்ளியில் 11 போகும். ஒன்று மிஞ்சும்: செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஸ்பாவில், ஈரத் தரையில், மொன்டெய்ரோ எட்டாவதாக வந்து எடுத்தது. யாரும் விட்டுக்கொடுக்காத புள்ளி அது. மினார்டிக்கோ அமெரிக்காவில் எடுத்த ஏழைத் தவிர வேறு புள்ளியே இல்லை. ஆகவே கழித்தாலும் ஜோர்டன் ஒன்பது, மினார்டி பத்து. அட்டவணை அசையவில்லை!

அசைவது நரேனின் கணக்கு. அவருடைய மிகச் சிறந்த இடம் நாலில் இருந்து பதினொன்றுக்கு இறங்கும். ஐந்து புள்ளி பூச்சியமாகும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேரில் ஒருவராக நிற்பதற்கு முதலில் உலகத்தின் இருபது இருக்கைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். நூறு கோடிக்கு மேற்பட்ட பேர் இருந்த நாட்டிலிருந்து அதுவரை ஒருவரும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை.

அந்தக் காரின் கடைசி ஓட்டம் ஒக்டோபரில் சீனாவின் ஷாங்காயில். நரேன் பெரும் வேகத்தில் சுவரில் மோதினார். கார் சிதறியது, ஆள் இருந்த கார்பன் தொட்டி தாங்கியது, காயமில்லாமல் இறங்கினார். ஜோர்டன் என்ற பெயரில் ஓடிய கடைசிப் பந்தயமும் அதுவே.

மாருதியிலிருந்து மஞ்சளுக்கு

நரேன் திடீரென்று முளைத்தவரல்லர். கோயம்புத்தூரில் அதற்கு முன்பே ஒரு நிலம் பண்பட்டிருந்தது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் கடைசியில் அங்கே ஒரு காரியம் செய்தார். மாருதி 800இன் 796 சீசீ, மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றின் முதுகில் வைத்தார். எங்கள் தெருக்களிலும் ஒரு காலம் கொடிகட்டிப் பறந்த அதே மாருதி. எஞ்சினும் உதிரிப்பாகமும் மூலைக்கடையில் கிடைப்பதால் செலவு கட்டுக்குள் நின்றது. எல்லாக் காரும் ஒரே மாதிரி என்பதால் வென்றவன் காசால் வென்றான் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபோர்முலா மாருதி என்று பெயர். முன்னாள் ரலி ஓட்டுநர் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாதையில் முதல் பந்தயம் ஓடியதும் அந்தக் காரில்தான். முதல் ஓட்டத்திலேயே மேடை ஏறினார்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். தன் ஊர்ப் பையன் ஃபோர்முலா வன் போனதை அவர் பார்க்கவில்லை. 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில் திறந்த 2.1 கிலோமீற்றர் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஈஜே15க்கு ஒரு தாத்தா உண்டென்றால், அது ஜோர்டன் அணியின் தளம் இருந்த சில்வர்ஸ்டோனில் இல்லை, கோயம்புத்தூர்ப் பட்டறையில்.

பிறகு என்ன ஆனது?

டயர் மாற்றத் தடை விதித்த சட்டம் ஒரே ஆண்டில் செத்தது. 2006இல் பிட்டில் டயர் மாற்றுவது திரும்பி வந்தது. மிச்செலின் ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 ரிக்கட் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. 2006 முடிவில் ஃபோர்முலா வன்னை விட்டே போனது. அதன்பின் எல்லாக் காருக்கும் ஒரே கொம்பனி டயர் என்றானது. முதலில் பிரிட்ஜ்ஸ்டோன், 2011இலிருந்து பிரெல்லி. இண்டியானாபோலிஸில் 2007க்குப் பிறகு ஃபோர்முலா வன் ஓடவில்லை. அமெரிக்கப் பந்தயம் 2012இல் டெக்சாஸில்தான் மறுபிறவி எடுத்தது.

இதைவிட முக்கியமான பாடத்தைக் கற்றதற்கு ஆதாரம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. 2023 கத்தார் பந்தயத்தில், லுசைல் பாதையின் ஓரக் கற்களில் ஏறி இறங்கி டயரின் பக்கச்சுவர் பிரிவதைப் பிரெல்லி கண்டது. அதே ஆபத்து, அதே வகை எச்சரிக்கை. இம்முறை நிர்வாகம் முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. எந்தத் தொகுதி டயரிலும் 18 சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரே இரவில் விதி போட்டது. பாதையிலும் சிறு மாற்றம் செய்தது. டயருக்குப் பயந்து எந்தக் காரும் விலகவில்லை. 2005இல் சாத்தியமில்லை என்று சொன்னதன் இன்னொரு வடிவம் இது.

அணியின் கதை இன்னும் நீளம். மிட்லண்ட், 2007இல் ஸ்பைக்கர், அதே ஆண்டு இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையா வாங்கியதும் ஃபோர்ஸ் இந்தியா, பிறகு ரேசிங் பொயிண்ட், இன்று அஸ்டன் மார்ட்டின். அஸ்டன் மார்ட்டினில் பெர்னாண்டோ அலொன்சோ ஓட்டுவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அதன் பழைய வீட்டில் ஒரு கோவைத் தமிழர் குடியிருந்தது தெரியாது. 2009இல் மல்லையாவின் அணியின் ஃபிஸிகெல்லா ஸ்பாவில் முதலிடத்திலிருந்து தொடங்கி இரண்டாவதாக முடித்தபோது, காசில்லாத அந்தப் பழைய அணிக்கு உயிர் திரும்பியிருந்தது.

நரேனுக்கு 2006இல் இருக்கை கிடைக்கவில்லை. வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநராக இருந்தார். ஏ1 கிராண்ட் பிரியில் இந்தியாவுக்காகப் பந்தயம் வென்றார். 2010இல் பத்மஸ்ரீ பெற்றார். 2011இல் எச்ஆர்டி என்ற ஸ்பானிய அணியோடு திரும்பினார். அதுவும் கடைசி வரிசைக் கார்தான். அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லிக்குப் பக்கத்துப் புத்தர் பாதையில் முதல் இந்திய கிராண்ட் பிரி நடந்தபோது 17ஆவதாக முடித்தார். மூன்று ஆண்டு நடந்த அந்தப் பந்தயம் வரித் தகராறில் 2013உடன் நின்றது. சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் 2010இல் ஃபோர்முலா வன் ஓட்டினார், புள்ளி கிடைக்கவில்லை. ஆக, இந்தியர் ஒருவர் ஃபோர்முலா வன்னில் எடுத்த எல்லாப் புள்ளிகளும் இன்றுவரை அந்த ஐந்துதான்.

ஒரு நாட்டின் முழுக் கணக்கும் இப்படி ஒரு மதியத்தில் தொங்குவதைக் கேலியாகப் பேசலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு பையனை அனுப்பி வைத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் இன்னொருவனை அனுப்பும் ஏணியைச் செய்யாமல் விட்ட கோபம். பெரிய பாதை கட்டினார்கள், பாதை வெறிச்சோடியது. 2024 ஓகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீற்றருக்கு வீதியை மறித்து இரவில் ஃபோர்முலா 4 ஓட்டினார்கள். சனம் திரண்டது. ஃபோர்முலா 4 என்பது ஏணியின் கீழ்ப்படி. அதற்கு மேல் 3, 2, பிறகுதான் வன். மேலே போகப் போக ஆண்டுச் செலவு கோடிகளில் ஏறும். ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் நின்றுவிடுவது அங்கேதான்.

எங்கள் பக்கம்

இலங்கையில் மோட்டார்ப் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலிருந்து பேசப்படுவது. களுத்துறைக்குப் பக்கத்துக் கட்டுகுருந்த விமான ஓடுபாதையிலும், தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்லிலும், மின்னேரியாவிலும் ஓடியிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் இந்தத் தரத்தில் எதுவும் இல்லை. கல்முனையிலிருந்து தியத்தலாவைக்குப் போய்வருவதே ஒரு நாள் பாடு. சொறிக்கல்முனைப் பிள்ளைக்கு அதற்கு முன் இன்னொரு தடை: மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்கே வர முடியாது.

ஆனால் ஃபோர்முலா வன் எங்கள் ஆட்களுக்குத் தூரம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2004இல் பஹ்ரெய்ன், 2009இல் அபுதாபி, 2021இல் ஜித்தாவும் தோஹாவும். பந்தயம் போன இந்த நான்கு ஊர்களுக்கும் எங்கள் ஊர்களிலிருந்து ஏற்கெனவே ஆட்கள் போயிருந்தார்கள். சாய்ந்தமருது, சம்மாந்துறை, நாவிதன்வெளி என்று எந்த ஊரில் கேட்டாலும் வளைகுடாவில் ஒரு மகனோ மருமகனோ இருப்பார்: சாரதியாக, கராஜில் மெக்கானிக்காக, மின்வேலை, குளிர்சாதன வேலை என்று. பந்தய வாரத்தில் அந்த ஊர்களின் இரவு முழுக்க எஞ்சின் சத்தம் கேட்கும் என்று விடுமுறையில் வருபவர்கள் சொல்வார்கள். ரிக்கட் விலை அவர்களுடைய சம்பளத்துக்கு எட்டாது. மதிலுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்புவார்கள்.

ஓட்டும் பக்கத்திலும் ஓர் அசைவு தெரிகிறது. டிலந்த மாலகமுவ கூரை மூடிய பந்தயக் கார்களில் ஆசியா முழுவதும் ஓடி இலங்கையின் பெயரைக் கொண்டுபோனவர். ஒற்றை இருக்கைக் காரில் இப்போது கவனிக்க வேண்டிய பெயர் யெவான் டேவிட். இந்த இலங்கை இளைஞர் 2025இல் ஐரோப்பாவின் யூரோஃபோர்முலா ஓப்பன் தொடரில் ஓட்டினார். ஃபோர்முலா 3 தரத்துக் கார்கள் ஓடும் தொடர் அது. நரேன் ஒரு காலத்தில் பிரிட்டனில் ஏறிய படிக்கு ஏறக்குறைய அதே உயரம். இலங்கையர் எவரும் இதுவரை ஃபோர்முலா வன் பந்தயத்தில் ஓட்டியதில்லை.

ஏணியின் கீழ்ப்படியைச் செய்யக் கோடிகள் வேண்டியதில்லை என்பதைக் கரிவரதன் ஏற்கெனவே காட்டிவிட்டார். அவர் எடுத்த 796 சீசீ எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை ஒவ்வொரு கராஜிலும் இருக்கிறார்கள். குழாய்ச் சட்டம் வெல்டிங் பண்ணத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இல்லாதது ஓட்ட ஓர் இடமும், பிள்ளையின் தலைக்கவசத்தையும் இருக்கைப் பட்டியையும் பார்த்துச் சரி சொல்ல ஒரு கழகமும். சந்தியில் அந்தப் பெடியன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பிரதான வீதியில் ஓடுவதைப் பற்றிப் பொலிசுக்கு முறைப்பாடு போகிறது. அதே கையெழுத்துக்களோடு, ஒரு கார்ட்டிங் பாதைக்கு அரை ஏக்கர் கேட்டுப் பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் போகலாம்.